லையா, லேயா? ஆங்கில வினைச்சொல் சந்தேகங்கள்

கேள்வி: லை, லே இரண்டும் இன்னும் குழப்புகின்றன. வழி உண்டா?

பதில்: "எதை?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் லே, வராவிட்டால் லை. பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான். நாய் பாயில் கிடக்கிறது: தி டாக் லைஸ் ஆன் தி மேட். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறாள்: ஷி லேஸ் தி பேபி இன் தி கிரேடில்.

இதுவரை சுலபம். வம்பே இறந்தகாலத்தில்தான். லை-யின் இறந்தகாலம் லே! "நேற்று மதியம் கொஞ்சம் படுத்தேன்" என்பதற்கு ஐ லே டவுன் எஸ்டர்டே என்பதே சரி. லேடு டவுன் தவறு. லேடு என்பது கிடத்தியதற்கு. ஹேவ் சேர்ந்தால் படுத்ததற்கு லேன், கிடத்தியதற்கு அதே லேடு. பொய் சொல்லும் லை தனி ஆள், அதற்கு லைடு. ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் பேச்சில் இதைத் தாராளமாகக் குழப்புவார்கள். பேச்சில் தவறினால் விட்டுவிடுங்கள், எழுத்தில் வேண்டாம்.

கேள்வி: விலை "ரைஸ்" ஆனதா, "ரெய்ஸ்" ஆனதா?

பதில்: அதே "எதை?" கேள்விதான். விலை தானாக ஏறினால் தி பிரைஸ் ரோஸ். கடைக்காரர் ஏற்றினால் ஹி ரெய்ஸ்டு தி பிரைஸ்.

கேள்வி: "கேன் யூ பாரோ மீ யுவர் பென்?" என்றேன், சிரித்தார்கள்.

பதில்: சிரித்தது அதிகம்தான். ஆனால் பாரோ என்றால் கடன் வாங்குவது, லெண்ட் என்றால் கொடுப்பது. கேன் ஐ பாரோ யுவர் பென் அல்லது கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்.

கேள்வி: "ஹி செட் மீ" ஏன் தவறு?

பதில்: நமக்கு "சொன்னார்" ஒன்றே போதும், அதனால் வரும் வம்பு. டெல் பக்கத்திலேயே ஆளை வைத்துக்கொள்ளும்: ஹி டோல்ட் மீ. சே-க்கு நடுவில் டு வேண்டும்: ஹி செட் டு மீ. பொய், உண்மை, கதை மூன்றுக்கும் டெல்தான். ஆள் இல்லாமலும் வரும். அப்புறம், டிஸ்கஸ்-க்குப் பின்னால் அபவுட் போடாதீர்கள். "பற்றி" அதற்குள்ளேயே இருக்கிறது. நம் அலுவலக மின்னஞ்சல்களில் பாதி இதில்தான் மாட்டும்.

கேள்வி: ஹேங்-குக்கு ஹங், ஹேங்டு என இரண்டு இறந்தகாலமா?

பதில்: ஆமாம். சுவரில் படம் மாட்டினால் ஹங். தூக்கிலிட்டால் ஹேங்டு: கட்டபொம்மன் வாஸ் ஹேங்டு இன் 1799. ஹங் என்று எழுதுபவர்களும் உண்டு. தேர்வுத்தாளில் ஹேங்டு என்றே எழுதுங்கள்.