மாமியார் கேட்டது கடல், நீங்கள் கணக்குப் போட்டது கண்டம்

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் நாலறை வீட்டில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலை பார்க்கிறோம். மத்திய சேமநிதிப் பிடித்தம் போக, இருவருக்கும் சேர்த்து மாதம் 7,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கைக்கு வருகிறது. வீட்டுச் செலவு, துணைப்பாட வகுப்பு, காப்புறுதிச் சந்தா எல்லாம் சேர்ந்து 5,400 வெள்ளி ஆகிறது. சேமிப்பு 18,000 வெள்ளி. மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள், மகன் இரண்டில். நாகப்பட்டினத்தில் பிறந்த என் மாமியாருக்கு 67 வயது. முழங்கால் வலியும் சர்க்கரையும் உண்டு. "நடை இருக்கும்போதே ஒரு நல்ல கடலோரத்துக்குக் கூட்டிப் போங்கள்" என்றார். மகளின் பிஎஸ்எல்இ என்னும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் அடுத்த ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியா முழுவதையும் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். மெல்பர்ன், சிட்னி, கெய்ன்ஸ், உலுரு, பெர்த் என்று 18 நாள். பயண முகவர் 32,000 வெள்ளி சொல்கிறார். சேமிப்பைப் போட்டாலும் 14,000 குறைகிறது. எட்டு ஆண்டாகக் கட்டிவரும் சேமிப்புக் காப்புறுதியை இப்போது முடித்தால் 14,300 கிடைக்கும். அல்லது வங்கியில் தனிநபர் கடன் வாங்கலாம். எது நல்லது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டுமே வேண்டாம். பணத்தை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் பயணத் திட்டத்தைத்தான் பிரித்துப் பார்க்கிறேன், ஏனென்றால் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

ஆஸ்திரேலியா ஏறத்தாழ 77 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு. சிங்கப்பூரைப் போலப் பத்தாயிரம் நாடுகளை அதற்குள் அடுக்கலாம். இங்கே ஈசூனிலிருந்து சாங்கி கடற்கரைக்குப் போவதைத் தொலைவு என்று நினைக்கும் நமக்கு, அந்த நாட்டின் அளவு வரைபடத்தில் தெரிவதில்லை. சிட்னியிலிருந்து கெய்ன்ஸ் மட்டுமே மூன்று மணி நேர விமானப் பயணம். சிட்னியிலிருந்து பெர்த்துக்குச் சாலை வழியாகப் போனால் ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். உங்கள் ஐந்து ஊர்ப் பட்டியலில் உள்நாட்டு விமானத்துக்கு மட்டும் குறைந்தது 20 டிக்கெட் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் பெட்டி கட்டி, விடுதியைக் காலி செய்து, விமான நிலையத்தில் காத்திருந்து, மறுபடி வாடகைக் கார் எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். 32,000 வெள்ளியில் பெரும் பங்கு இப்படி இடம் மாறுவதற்கே போகிறது, கடலைப் பார்ப்பதற்கு அல்ல.

இதை ஏட்டுக் கணக்காகச் சொல்லவில்லை. 2014 ஜூன் மாதம் என் பெற்றோரையும் பிள்ளைகளையும் மெல்பர்னுக்கு அழைத்துப் போனேன். ஐந்து நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி. கிரேட் ஓஷன் ரோடு எனப்படும் கடலோரச் சாலையை ஒரே நாளில் போய்த் திரும்பத் திட்டமிட்டேன். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை உழைத்துப் போட்ட சாலை அது, 240 கிலோமீட்டருக்கும் மேல். மலையை ஒட்டி வளைந்து வளைந்து போகும். இரண்டாவது மணி நேரத்திலேயே அப்பாவுக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்தபடியே வந்தார். அங்கே ஜூன் என்றால் குளிர்காலம், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். 'பன்னிரண்டு தூதர்கள்' என்று பெயர் பெற்ற சுண்ணாம்புப் பாறைத் தூண்களுக்கு முன்னால் நாங்கள் போய் நின்றபோது வெளிச்சம் இருபது நிமிடமே மிச்சம் இருந்தது. பெயரில்தான் பன்னிரண்டு. ஒன்பதில் ஒரு தூண் கடல் அரித்து 2005இல் சரிந்த பிறகு எட்டுத்தான் நிற்கின்றன. அந்த எட்டையும் அப்பா சரியாகப் பார்க்கவில்லை. இரவு விடுதிக்குத் திரும்பியதும், "கடலைப் பார்க்கப் போனோமா, காரில் உட்காரப் போனோமா?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த பயணத்துக்கு அவர் இல்லை. உங்கள் கடிதத்தில் "நடை இருக்கும்போதே" என்ற சொல்லைப் படித்தபோது அந்தக் கேள்விதான் காதில் விழுந்தது.

மாதமும் உங்கள் பட்டியலுக்கு ஒத்துவரவில்லை. நாட்டின் நடுவே பாலையில் இருக்கும் உலுரு பாறைப் பக்கம் டிசம்பரில் வெயில் 40 டிகிரியைத் தொடும், 67 வயதுக்காரரை அந்தச் செம்மண் வெளியில் நிறுத்த முடியாது. கெய்ன்ஸ் பக்கம் மழைக்காலம் தொடங்கும் நேரம் அது. கடலில் கடும் நச்சுள்ள சொறிமீன்களும் நவம்பர் முதல் மே வரை இருக்கும், அதற்கான உடை இல்லாமல் குளிப்பது ஆபத்து. கெய்ன்ஸுக்கு அப்பால் கடலில் கிடக்கும் கிரேட் பேரியர் ரீஃப் 2,300 கிலோமீட்டர் நீளும் பவளத்திட்டு வரிசை, 1981 முதல் உலக மரபுடைமைத் தலம். வாழ்நாளில் ஒருமுறை பார்க்க வேண்டியது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதற்குப் படகில் போய்வர ஐந்து பேருக்கு ஆயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும். நீரில் இறங்காத மாமியாருக்கும் சேர்த்துத்தான் அந்தக் கட்டணம். ரீஃபையும் உலுருவையும் வேறோர் ஆண்டின் ஜூன் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அப்போது மழையும் இல்லை, வெயிலும் மிதம்.

டிசம்பருக்குப் பொருந்துவது மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு முனை. பெர்த்துக்குச் சாங்கி விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம்தான். நேர வித்தியாசமே கிடையாது, அதனால் மாமியாரின் மாத்திரை நேரம்கூட மாறாது. அங்கும் இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். உங்கள் கணவரின் சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் அதையே காட்டிக் கார் எடுக்கலாம். பெர்த்திலிருந்து இரண்டரை மணி நேரம் ஓட்டினால் பஸல்டன். அங்கே கடலுக்குள் 1,841 மீட்டர் நீளும் மரப்பாலம் இருக்கிறது. அதன் மேல் ஒரு சிறிய ரயில் ஓடுகிறது, முழங்கால் வலியோடு நடக்க வேண்டியதில்லை. பாலத்தின் கோடியில் படியிறங்கினால் கண்ணாடிக்கு அப்பால் மீன்களைப் பார்க்கும் கூடமும் உண்டு. படி இறங்க முடியாவிட்டாலும் மேலே உட்கார்ந்திருப்பதே போதும், நாலாபுறமும் கடல்.

இன்னும் தெற்கே ஹாமலின் வளைகுடா. கோடையில் பெரிய திருக்கைகள் முழங்காலளவு நீருக்கு வந்து, மணலை ஒட்டி மெதுவாகச் சிறகசைத்துப் போகும். நாகப்பட்டினத்தில் வளர்ந்தவர் திருக்கையைக் கூடையிலும் குழம்பிலும்தான் பார்த்திருப்பார். காலருகே உயிரோடு நீந்திப் போவதை அவர் பார்க்கும் அந்த நிமிடத்துக்காகவே நான் இந்தப் பயணத்துக்குக் கணக்குப் போடுகிறேன். தொடக்கூடாது, தீனி போடக்கூடாது. வாலில் முள் இருப்பதை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கிருந்து சற்றுத் தொலைவில் கேப் லூவின் முனை, 1896இல் திறந்த கலங்கரை விளக்கம் நிற்கிறது. இந்தியப் பெருங்கடலும் தென்பெருங்கடலும் சேரும் இடம் என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். குமரிமுனையைப் பார்த்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். போகும் வழியில் போரனப் காடு. கரி என்னும் வெளிர்த்தண்டு மரங்கள் 60 மீட்டர் உயரம் வரை வளர்ந்து நிற்கும். பெர்த்துக்குத் திரும்பியபின் பிள்ளைகளுக்கு ராட்னஸ்ட் தீவும் அங்குள்ள குவாக்கா என்னும் சிறு விலங்கும் போதும்.

இனி பணம். பத்து இரவுக்கு என் கணிப்பு இது. விமான டிக்கெட் ஐந்து பேருக்கு 3,250 வெள்ளி. ஏழு இருக்கைக் காரும் அதன் காப்புறுதியும் 1,500. சமையலறை உள்ள வீடாக எடுத்தால் தங்க 2,700. சாப்பாட்டுக்கு 1,300. பெட்ரோல், படகு, நுழைவுக் கட்டணம் 1,000. பயணக் காப்புறுதி, விசா 600. மொத்தம் 10,350 வெள்ளி. விலை ஏறலாம், அதற்கும் இடம் வைத்திருக்கிறேன்.

மாதம் உங்களிடம் 1,800 வெள்ளி மிஞ்சுகிறது. அதில் 900ஐ அக்டோபர் முதல் தனிக் கணக்கில் போடுங்கள். அடுத்த நவம்பர் முடிய 14 மாதத்தில் 12,600 சேரும். பயணம் போக 2,250 வெள்ளி கையிருப்பு இருக்கும். சம்பளம் வரும் அன்றே தானாக மாறும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள், மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்றால் மிஞ்சாது. ஓராண்டு சொச்சத்தில் தேவைப்படும் பணம் இது, பங்குச் சந்தைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மீதி 900ம் 18,000 சேமிப்பும் வேறு வேலைக்கு. நீங்கள் சேமிப்பு என்று சொல்லும் 18,000, உங்கள் வீட்டுச் செலவுக்கு மூன்று மாதம் சில நாள்தான் வரும். இருவரில் ஒருவருக்கு ஆட்குறைப்பு நேர்ந்தால், இரண்டு பள்ளிப் பிள்ளைகளோடும் வயதானவரோடும் அது போதாது. ஆறு மாதச் செலவான 32,400 வெள்ளி எப்போதும் தனியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாதாமாதம் அந்த மீதி 900ஐ அதோடு சேர்த்தால் பயணம் கிளம்பும் முன்பே 30,600 ஆகிவிடும், ஆண்டிறுதி போனஸில் ஒரு துண்டு மிச்சத்தை நிரப்பிவிடும். இதில் ஒரு பகுதியை அரசு வெளியிடும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் வைக்கலாம். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதமும் அபராதம் இல்லாமல் மீட்கலாம். விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் 2 வெள்ளி கட்டணம் என்பதால் மாதாமாதம் சிறிது சிறிதாக வாங்காமல் சேர்த்து வாங்குங்கள். மீட்கும் பணம் மறுமாதத் தொடக்கத்தில்தான் வரும், ஆகவே இரண்டு மாதச் செலவாவது சாதாரணக் கணக்கிலேயே இருக்கட்டும்.

காப்புறுதியை ஏன் உடைக்க வேண்டாம் என்கிறேன்? கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய காப்புறுதிப் பத்திரத்தில் சந்தா மாதம் 200 வெள்ளி என்று இருக்கிறது. எட்டு ஆண்டில் 19,200 கட்டியாயிற்று. 14,300 வாங்கிக்கொண்டால் 4,900 வெள்ளி அப்படியே போய்விடும், அதோடு பாதுகாப்பும் போய்விடும். மேற்கு ஆஸ்திரேலியப் பயணத்தின் கிட்டத்தட்டப் பாதிச் செலவு அது.

கடன் விளம்பரத்தில் 3 விழுக்காடு என்று பெரிதாகப் போட்டிருக்கும். 14,000 வெள்ளிக்கு மூன்றாண்டில் வட்டி 1,260, மாதம் 424 வெள்ளி வீதம் 36 மாதம். அசல் மாதாமாதம் குறைந்தாலும் முதல் நாள் தொகைக்கே வட்டி போடுவதால், உண்மை வட்டி ஐந்தரை விழுக்காட்டைத் தாண்டும். மகள் உயர்நிலை மூன்று முடிக்கும்போதும் அவள் தொடக்கப்பள்ளி விடுமுறைக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தேதியில் ஒரு நுணுக்கம் உண்டு. பிஎஸ்எல்இ முடிவு நவம்பர் பிற்பகுதியில் வரும், அதன் பிறகு ஒரு வாரத்துக்குள் உயர்நிலைப் பள்ளி விருப்பப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அதை முடித்துவிட்டு டிசம்பர் முதல் வாரத்தில் கிளம்புங்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பள்ளிகளுக்கு டிசம்பர் நடுவில்தான் விடுமுறை தொடங்குகிறது. அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு நாளில் கடலோர வீடுகளின் வாடகை கிறிஸ்துமஸ் வாடகையைவிடக் கணிசமாகக் குறைவு. விமான டிக்கெட்டை ஜூன் மாதமே எடுத்துவிடுங்கள், அதற்குள் அந்தக் கணக்கில் 8,000க்கு மேல் இருக்கும்.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது மாமியாரின் சர்க்கரையை மறைக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குச் சாதாரணத் திட்டங்கள் பணம் தராது. கூடுதல் சந்தாவுக்கு அதையும் சேர்க்கும் திட்டங்கள் உண்டு, அவருக்கு மட்டும் அதை எடுங்கள். கார் விபத்தில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகையை அந்தத் திட்டம் ஈடுகட்டுமா என்றும் பாருங்கள், வாடகை நிறுவனத்திடம் தினக் கட்டணமாக வாங்குவதைவிட அது மலிவு. அந்தி சாய்ந்தபின் ஊருக்கு வெளியே வண்டி ஓட்டவே வேண்டாம், கங்காருக்கள் குறுக்கே பாயும். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது சிங்கப்பூர் வெள்ளியில் கழிக்கவா என்று இயந்திரம் கேட்டால் ஆஸ்திரேலிய டாலரையே தேர்ந்தெடுங்கள். கருவாடு, ஊறுகாய், வீட்டில் அரைத்த பொடி எதை எடுத்துப் போனாலும் வருகைப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் ஆயிரக்கணக்கில் அபராதம் விதிக்கலாம்.

விசாவைக் கடைசிக்கு வைத்துவிடாதீர்கள். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ள உங்கள் நால்வருக்கும் கைப்பேசிச் செயலியிலேயே ஆளுக்கு 20 ஆஸ்திரேலிய டாலரில் மின்னணு அனுமதி கிடைத்துவிடும். மாமியார் நிரந்தரவாசியாக இருந்து இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், அவருக்குத் தனியாக வருகையாளர் விசா வேண்டும். ஏறத்தாழ 200 ஆஸ்திரேலிய டாலர் ஆகும், நாளும் பிடிக்கும், ஆகஸ்டு மாதமே விண்ணப்பியுங்கள். அவருடைய கடவுச்சீட்டு எப்போது காலாவதியாகிறது என்பதை மட்டும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.