ஹுமாயூன் கல்லறையில் வெள்ளைக் குவிமாடம் எங்கே?

முகலாயப் பேரரசர் ஹுமாயூனின் கல்லறையைப் படம் எடுத்தேன், வெள்ளைக் குவிமாடத்தைக் காணோமே என்று கேட்கிறீர்கள். நீங்கள் படம் எடுத்தது ஹுமாயூன் கல்லறையே இல்லை, ஈசா கானுடையது. அதனால்தான் வெள்ளைப் பளிங்குக் குவிமாடம் படத்தில் இல்லை. டெல்லியில் ஹுமாயூன் கல்லறை வளாகத்துக்குள் பிரதான பாதையில் போகும்போது வலப்பக்கம் முதலில் வருவது இதுதான்; பார்த்துவிட்டோம் என்று நினைத்துவிடுவது சகஜம்.

கட்டடத்துக்கு எத்தனை பக்கம் என்று படத்தில் எண்ணிப் பாருங்கள். எட்டுப் பக்கம், சுற்றிலும் தாழ்வாரம், மேலே சின்னச் சின்ன மண்டபங்கள் என்றால் சந்தேகமே வேண்டாம். இது 1547 வாக்கில் கட்டியது. ஹுமாயூன் இறந்ததே 1556இல்தான். ஈசா கான் யார் தெரியுமா? ஹுமாயூனை நாட்டைவிட்டு விரட்டிய ஷேர்ஷாவின் பிரபு! ஹுமாயூனும் ஈசா கானும் இப்போது பக்கத்து வீட்டுக்காரர்கள்.

ஒன்று: வெளிப்புறப் படத்தை மட்டும் பாருங்கள். ஹுமாயூன் கல்லறையின் நடு அறையும் எண்கோணம்தான், உட்புறப் படம் குழப்பிவிடும்.