வசவும் ஆத்திரமும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் சித்தப்பா மகன், தன் தாயை இழிவாகப் பேசியவரை மறுநாள் காலையில் கடை வாசலில் அடித்து, முன்பற்கள் இரண்டை உடைத்துவிட்டான். வழக்கு நடக்கிறது. தாயைப் பழிப்பதைவிடப் பெரிய தூண்டுதல் உண்டா? சட்டம் ஏன் வசவைக் கணக்கில் கொள்வதில்லை?

எம்.

அன்புள்ள எம்.,

தாயைப் பழித்தால் எவருக்கும் மனம் கொதிக்கும். உங்கள் தம்பியின் வலியை நான் எள்ளவில்லை. ஆனால் சட்டம் சொல்லைக் கணக்கில் கொள்ளத்தான் செய்கிறது. கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலால் தன்னிலை இழந்து குற்றம் செய்தவருக்குத் தண்டனையைக் குறைக்கும் சலுகை அதில் உண்டு. சொல்லும் சைகையும்கூடச் சில சூழல்களில் கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலாகலாம் என்று, மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961இலேயே கூறியது. கூறிவிட்டு, மனைவி உண்மையைச் சொன்னதற்கும் அவர் சுட்டதற்கும் இடையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருந்ததால், அதற்குள் தன்னிலைக்குத் திரும்பியிருக்க முடியும் என்று அந்தக் கடற்படை அதிகாரிக்குச் சலுகையை மறுத்தும் விட்டது. அவருக்கே அப்படியென்றால், இரவு முழுவதும் உறங்கி எழுந்து, காப்பி குடித்துவிட்டுப் போய்ப் பல்லை உடைத்த வீரருக்காக என்னிடம் நியாயம் கேட்காதீர்கள். மற்றதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

என்னை நெடுநாளாக அரிப்பது, இந்தச் சலுகை யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான். 1957இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு கொலை வழக்கில், மனைவி தன் வேற்றுறவைத் தொடரப்போவதாகக் கணவன் முகத்துக்கு நேரே சொல்லி அவனைத் திட்டியது ஆத்திரமூட்டலாக ஏற்கப்பட்டது. பெண்ணின் வாய்ச்சொல்லுக்கு அத்தனை எடை இருந்தது.

நான் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்தபோது வந்த பெண்ணொருவர், கணவரைத் தோசைக்கல்லால் அடித்திருந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்ததால் அது கொடுங்காயமாகிவிட்டது. அன்றைய சட்டப்படி ஏழாண்டு வரை சிறை, ஆத்திரமூட்டலை நிரூபித்தால் நான்கு. "அன்னைக்கு என்னம்மா சொன்னார்?" என்று வழக்கறிஞர் கேட்டார். "அன்னைக்கு ஒண்ணும் சொல்லலைங்க, சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தாரு" என்றார் அவர். மற்ற நாட்களில் கணவர் சொன்னவற்றை, தன் தாயைப் பற்றியும் தன் உடலைப் பற்றியும் சொன்னவற்றை, ஒன்றுவிடாமல் சொன்னார். நான் எழுதிக்கொண்டே போனேன். தேதியில்லாத வசவு எதற்கும் உதவாது என்று வழக்கறிஞர் பெரும்பகுதியை அடித்துவிட்டார்.

திடீரென்று பொங்குவதற்கும் ஒரு வசதி வேண்டும், எம். திருப்பி அடித்தால் தாங்க உடம்பும், ஜாமீனுக்கு நிற்க ஆளும் உள்ளவனுக்கே அந்தக் கணத்தில் கை ஓங்குகிறது. நாள்தோறும் ஏச்சு வாங்கும் மனைவியும், முதலாளியிடம் சாதிப் பெயரால் வசவு கேட்கும் கூலியாளும் விழுங்கப் பழகியவர்கள். அவர்களுடைய கோபம் தாமதமாகவே வரும், வரும்போது சட்டத்தின் கெடு முடிந்திருக்கும். பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், 1989இல் சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காளைச் சுட்டி, நீடித்த ஆத்திரமூட்டல் என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டது. அது தீர்ப்போடு நின்றது, சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், ஆத்திரமூட்டலால் விளைந்த காயத்துக்கான அபராதம் 500 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. கொடுங்காயத்துக்கான சிறை நான்காண்டிலிருந்து ஐந்தாண்டானது. ஆத்திரம் திடீரென்று வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒருவரும் தொடவில்லை.