லேடி டாக்டர் வரும்வரை பொறுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. மாதவிலக்கு நின்று ஐந்து வருடம் ஆகிறது. இரண்டு மாதமாக அவ்வப்போது ரத்தக்கறை படுகிறது, வலி இல்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் பிரசவ விடுப்பில் இருக்கிறார். இப்போது பார்ப்பவர் ஆண். கணவருடன் போய், வயிற்று வலி என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கி வந்துவிட்டேன். அந்த அம்மா வரும்வரை பொறுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இந்த வாரமே போங்கள்.

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் தாண்டிவிட்டால், அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் காரணம் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் உள்சவ்வு மெலிந்து உலர்வது, சின்னச் சதை வளர்ச்சி என்று சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கலாம். சர்க்கரையோ உடல் பருமனோ இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். வலி இல்லையே என்று ஆறுதல்பட வேண்டாம், தொடக்கத்தில் அது வலிக்காது. அப்போதே பிடித்துவிட்டால் கருப்பையை எடுப்பதோடு பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள்.

நானும் ஆண்தான், மகப்பேறு மருத்துவன்தான். அந்த 'வயிற்று வலி' எனக்கு நன்றாகத் தெரியும். கணவர் முன்னால் உட்கார்ந்து சொல்வார், அம்மா பின்னால் முந்தானையைத் திருகிக்கொண்டிருப்பார். கூச்சம் உங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். தொட்டுப் பார்த்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில், ஆரம்ப வருடங்களில் நானே கணவரைப் பார்த்துப் பேசி, மாத்திரை எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை நர்ஸ் வந்து காதில் சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்கு ரத்தம் படுவதே எனக்குத் தெரிந்தது. இப்போதெல்லாம் பில் கட்டச் சொல்லியாவது கணவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறேன்.

1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஸ்கடரின் வீட்டுக்கு வந்தார்கள். ஆண் என்பதால் அந்த மருத்துவரை வேண்டாம் என்றார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த மருத்துவரின் மகள் ஐடா பிறகு மருத்துவம் படித்து வந்து வேலூரில் ஆஸ்பத்திரி தொடங்கியது அதனால்தான்.

உள்ளே போனதும் "நர்ஸ் கூட இருக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். தயவாகக் கேட்கிற விஷயமில்லை அது. ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பது தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டியலிலேயே இருக்கிறது. உள்பரிசோதனை சில நிமிடம்தான், நடுவில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவார்கள். அப்புறம் ஸ்கேன். கருப்பை உட்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கொஞ்சம் திசு எடுத்துப் பார்ப்பார்கள்.

ஆண் மருத்துவர் வேண்டவே வேண்டாம் என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். ஆனால் நாள் கணக்கில், மாதக் கணக்கில் அல்ல.

வாய் வரவில்லையா, ஒரு சீட்டில் இப்படி எழுதி நீட்டுங்கள்: "மாதவிலக்கு நின்று ஐந்து வருடம். இரண்டு மாதமாக ரத்தம் படுகிறது."