நிலத்தில் கிடைத்த பழைய பொருள்: விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் ஒரு கிராமத்தில், பெரியப்பாவின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்கிறேன். மண்ணுக்குள் போய்விட்ட பழைய பைப் லைனைத் தேடுவதற்காக ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். அது சத்தம் கொடுத்த ஓரிடத்தில் இரண்டடி தோண்டியதும் பச்சைக் களிம்பு ஏறிய கனமான பொருள் ஒன்று கிடைத்தது. ஒரு சாண் உயரம் இருக்கும். அடியில் தாமரை இதழ் மாதிரி வேலைப்பாடு, மேலே ஒரு துளை. விளக்கின் பகுதியா, சிலையின் பீடமா என்று தெரியவில்லை. பழைய பித்தளை வாங்குபவர் 4,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். என் மனைவி புளி போட்டுத் துலக்கிப் பார்க்கலாம் என்கிறார். விற்கலாமா? வெளியே சொன்னால் போலீஸ் தொல்லை வருமா?

பதில்: முதலில், புளி போடாதீர்கள். அந்தக் களிம்பையும் ஒட்டியிருக்கும் மண்ணையும் வைத்துத்தான் அது எந்தக் காலத்துப் பொருள், எவ்வளவு நாள் மண்ணில் இருந்தது என்று தொல்லியல் துறையினர் பார்ப்பார்கள். சட்டப்படியும் ஆபத்து இருக்கிறது. கிடைத்த புதையலை அடையாளம் தெரியாதபடி மாற்றுவது 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டத்தின் 20ஆவது பிரிவில் குற்றம். நீங்கள் நல்ல எண்ணத்தில் துலக்கியிருந்தாலும், பின்னால் அதை விளக்க வேண்டிய நிலை வரும்.

புதையல் என்றதும் பொற்காசுக் குடம்தான் நினைவுக்கு வரும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மண்ணில் மறைந்திருந்த, மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையல்தான். அதன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடைக்காரர் 4,000 ரூபாய் சொல்லிவிட்டதால் இதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

கடிதம் ஒரு பக்கம் போதும். என்ன பொருள், தோராயமாக என்ன மதிப்பு, எந்த சர்வே எண்ணில் எந்த இடத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுதுங்கள். டிடெக்டரால் தேடியபோது கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எல்லாப் பக்கமும் தெரியும்படி போட்டோ எடுத்து இணையுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட போலீஸ் தொல்லைக்கு அந்த நகல்தான் பாதுகாப்பு. பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாகக் கலெக்டரிடம் பிணை கொடுக்க வேண்டும். என் யோசனை, ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்குவது. வீட்டில் வைத்திருந்து களவு போனால் யாரும் உங்களை நம்ப மாட்டார்கள்.

அப்புறம் கலெக்டர் ஓர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருபவர்கள் ஆஜராக, அந்த அறிவிப்புத் தேதியிலிருந்து நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு நாள் குறிக்கப்படும். உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், எடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. இருவருக்குள் ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. இல்லையென்றால் மூலச் சட்டப்படி எடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். பெரியப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் நடந்தது என்ற மனத்தாங்கல்தான் இந்த மாதிரி விஷயங்களில் பெரிய வழக்காக முளைக்கிறது. "இது என் தாத்தா புதைத்து வைத்தது" என்று அவர் சொன்னால் நிலைமை மாறும். நூறு வருடத்துக்குள் புதைக்கப்பட்டது என்றால், அந்த உரிமையை சிவில் கோர்ட்டில் நிரூபிக்க அவருக்கு அவகாசம் கிடைக்கும்.

பணம் பற்றி நேராகவே சொல்கிறேன். அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால், சட்டம் சொல்லும் விலை பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்தான். வெண்கலத்துக்கு அது சொற்பத் தொகை. நேர்மையாக வந்து சொல்லும் விவசாயிக்கு இது போதாது. இந்தப் பிரிவைத் திருத்தியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் மறைத்தால் அந்தப் பங்கும் அரசுக்குப் போய்விடும். கூடவே ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

மறைத்தவருக்கு என்ன கிடைத்தது என்பதற்குப் பக்கத்து மாவட்டமான திருவாரூரிலேயே உதாரணம் இருக்கிறது. 1976இல் பத்தூரில் கூலித் தொழிலாளி ஒருவர் தோண்டும்போது ஒரு நடராஜர் சிலை கிடைத்தது. சொற்பக் காசுக்குக் கைமாறிய அந்தச் சிலை லண்டன் வரை போனது. அங்கே வழக்கு நடந்து, சிலை கோயிலுக்கு உரியது என்று தீர்ப்பாகி, 1991இல் இந்தியா திரும்பியது. உங்கள் பொருளும் ஒரு கோயிலுக்கு உரியது என்று தெரியவந்தால் அந்தக் கோயில் உரிமை கோரலாம். தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர்தான்.

கடைக்காரருக்கு விற்க வேண்டாம். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருள் என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்ய முடியாது. வெளிநாட்டுக்குக் கடத்தினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை சிறை. அவர் திரும்ப வந்தால், கலெக்டருக்கு எழுதிவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

தோண்டிய குழியை மேற்கொண்டு ஆழப்படுத்தாதீர்கள். உங்கள் பகுதியில் பொருட்கள் கூட்டமாகவே புதைக்கப்பட்டிருக்கின்றன. 2023இல் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்கு மண் எடுத்தபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும் நானூற்றுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிவந்தன. உங்கள் குழியிலும் இன்னும் ஏதாவது இருக்கலாம். அது எந்த நிலையில், எதன் பக்கத்தில் கிடக்கிறது என்பதே தொல்லியல் துறைக்கு ஆதாரம். மண்ணை லேசாகத் தள்ளி மூடி, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள்.

டிடெக்டரைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்துவது சரி. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அதை வைத்துத் தேடித் தோண்டப் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் அங்கே தோண்டுவது தனிக் குற்றம். குண்டு மாதிரி ஏதாவது தென்பட்டால் தொடாமல் விலகி நின்று 100க்குப் போன் செய்யுங்கள்.

கடிதம் கொடுக்கப் போகும்போது குத்தகை ஆவணத்தின் நகலையும் பெரியப்பாவின் பட்டா நகலையும் எடுத்துப் போங்கள். குத்தகை வாய்மொழிதான் என்றால், சாகுபடி செய்பவர் நீங்கள் என்று வி.ஏ.ஓ.விடம் ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள். பங்கு பற்றிப் பெரியப்பாவோடு பேசி முடித்ததையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு அதே மனுவோடு இணைத்துவிடலாம்.