போபனுக்கு ஏது ஓய்வு?

கேள்வி: ஓய்வு பெற்று இருபது வருஷத்துக்கு மேலான குரோஷியக் கால்பந்து வீரர் ஸ்வோனிமிர் போபன், போலீஸ்காரரை எகிறி உதைக்கும் வீடியோ இணையத்தில் இன்னும் சுற்றுகிறதே, ஏன்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ஓய்வு பெற்றவர் என்று யார் சொன்னது? ஆட்டத்தை விட்ட பிறகு ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கினார். ஃபிஃபாவில் துணைப் பொதுச் செயலாளராக இருந்தார். இத்தாலியின் ஏசி மிலான் கிளப்பில் நிர்வாகப் பொறுப்புக்கு வந்து, மேலிடத்தைப் பேட்டியில் வெளிப்படையாகக் கண்டித்ததால் 2020-ல் வேலையை இழந்தார். 2025-ல் அவருடைய பழைய குரோஷிய அணியான டினமோ ஸாக்ரெப்பின் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அவரைக் கிளப்பின் தலைவராக்கிவிட்டார்கள்.

சரி, வீடியோ. 1990 மே 13, ஸாக்ரெபின் மக்ஸிமிர் மைதானம். போபனின் டினமோவுக்கும் செர்பிய அணியான ரெட் ஸ்டார் பெல்கிரேடுக்கும் ஆட்டம் தொடங்கும் முன்பே கலவரம். டினமோ ரசிகர் ஒருவரைப் போலீஸ் அடிப்பதைப் பார்த்து 21 வயது போபன் பாய்ந்தார். தடை விதித்தார்கள், அந்த வருஷ உலகக் கோப்பை கைவிட்டுப் போனது. ‘போரைத் தொடங்கிய உதை’ என்று தலைப்புப் போட்டுப் பகிர்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. குரோஷியாவும் செர்பியாவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியா ஏற்கெனவே உடைந்துகொண்டிருந்த காலம் அது; பிறகு வந்த போருக்கு ஓர் உதை காரணமில்லை. ஆட்டத்துக்குச் சில நாள் முன்புதான் குரோஷியாவில் பல கட்சித் தேர்தல் முடிந்து ஆட்சியே மாறவிருந்தது. உதை வாங்கிய போலீஸ்காரரைச் செர்பியர் என்றே எழுதுகிறார்கள். அவர் போஸ்னிய முஸ்லிம். பிற்பாடு போபனை மன்னித்துவிட்டதாகச் சொன்னவர்.

போபனைக் கொண்டாட வேண்டுமென்றால் நான் 2024 ஜனவரியைச் சொல்வேன். இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும், விளையாட்டுச் சங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர்களை எனக்கு ஆகாது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தில் ஒருவர் மூன்று முறைதான் தலைவராக இருக்கலாம் என்ற வரம்பு, தலைவர் செஃபெரின் காலத்திலேயே வந்தது. அவரே 2027-க்குப் பிறகும் நீடிக்க வழிவிடும் திருத்தத்தைக் கொண்டுவந்தபோது, அங்கே பெரிய பதவியில் இருந்த போபன் எதிர்த்து ராஜினாமா செய்தார். பாரிஸ் மாநாட்டில் திருத்தம் நிறைவேறியது. ஆனால் 2027-ல் நிற்க மாட்டேன் என்று செஃபெரின் அறிவித்துவிட்டார். நல்ல சம்பளப் பதவியைக் கொள்கைக்காக உதறியதை எத்தனை பேர் பகிர்ந்தார்கள்?

1998 உலகக் கோப்பைக் குரோஷிய அணியில் போபனோடு ஆடிய ஷ்டிமாட்ஸ்தான் 2019 முதல் 2024 வரை இந்தியாவின் பயிற்சியாளர். பதவி பறிபோனதும் நம் கால்பந்துச் சம்மேளனத் தலைமையைப் பகிரங்கமாகச் சாடினார். நமது அணியின் தோல்விகளில் அவருக்கும் பங்குண்டு என்றாலும், சம்மேளனத்தைப் பற்றி அவர் கேட்டவை கேட்க வேண்டிய கேள்விகள். 2022-ல் உச்ச நீதிமன்றமே தலையிட்டு நிர்வாகத்தை மாற்ற வேண்டியிருந்த சம்மேளனம் அது.

அப்புறம், ஆட்டத்தையும் பாருங்கள். 1998 உலகக் கோப்பையில் குரோஷியா மூன்றாமிடம், கேப்டன் போபன். அரையிறுதியில் தன் கோல் பக்கம் அவர் பந்தைப் பறிகொடுத்துத்தான் துராம் பிரான்ஸுக்குச் சமன் செய்தார். அதையும் பாருங்கள். ஏதென்ஸில் நடந்த 1994 ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஃபைனலை முழுசாகவே பாருங்கள்: மிலான் 4, பார்சிலோனா 0, நடுக்களத்தில் போபன்.