மனநலம் கேள்வி–பதில்: ரசத்தில் கரைத்த மாத்திரை

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றை நோயாளியின் தம்பி, மாமியார், சித்தப்பா ஆகியோர்தாம் எழுதியிருக்கிறார்கள். நோயாளியே எழுதியது சொற்பம். பலர் வயதை எழுதுவதில்லை, மருந்தின் பெயரையும் எழுதுவதில்லை. 'ராத்திரிக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை' என்று எழுதினால் எனக்கு என்ன புரியும்? மனநல மாத்திரைகளில் பாதிக்கு மேல் சின்னவை, வெள்ளை நிறத்தவை. மருந்துச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள்.

என் மகள் (21) மனநல ஆலோசகரிடம் என்ன சொன்னாள் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார்கள். கட்டணம் கட்டுவது நான்தானே? – தந்தை, கோவை

கட்டணம் சிகிச்சைக்கு, அவர் பேசியதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு அல்ல. பதினெட்டு நிறைந்தவர் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிட முடியாது. அவர் உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் மட்டும், தேவையான அளவுக்குச் சொல்வார்கள். மகளிடமே கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு மனைவிக்குக் (29) கடுமையான மனச்சோர்வு. சோறும் தண்ணீரும் இறங்கவில்லை. 'ஷாக்' கொடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். இது மனித உரிமை மீறல் இல்லையா? – வேலூர்

மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடுத்துச் செய்தால் மீறல் இல்லை. அவை இல்லாமல் கொடுப்பதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்துவிட்டது. சிறார்களுக்கு என்றால் காப்பாளரின் ஒப்புதலோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் (நோயாளிகளின் உரிமைகளைக் காக்க அந்தச் சட்டம் ஏற்படுத்திய அமைப்பு) முன் அனுமதியும் வேண்டும். பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு முறை கொடுப்பார்கள். அந்த வாரங்களை ஒட்டிய நினைவுகள் மங்கும். பெரும்பாலும் திரும்பிவிடும், சிலருக்குச் சில நினைவுகள் திரும்பாமலே போகும். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கும் தாய்க்கு இது உயிர் காக்கும் சிகிச்சை. திரைப்படத்தில் பார்த்ததை வைத்துத் தள்ளிப்போடாதீர்கள். ஒப்புதல் அவருடையது. முடிவெடுக்க இயலாத நிலையில் அவர் இருந்தால்தான் அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர், பேசலாம்.

கேஸ் ஷீட் நகல் தர மாட்டோம் என்கிறது மருத்துவமனை. – பெயர் வேண்டாம்

தர வேண்டும், சட்டத்தின் 25ஆம் பிரிவு. பெரும் தீங்கு விளையும் என்றால் குறிப்பிட்ட பகுதியை மட்டும் நிறுத்தி வைக்கலாம். அப்போதும் வாரியத்திடம் முறையிடலாம் என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். எழுத்தில் கேளுங்கள், மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

கணவர் (44) தினமும் குடிக்கிறார். சிகிச்சைக்கு வர மறுக்கிறார். என் தங்கை, மருந்துக் கடையில் டைசல்பிராம் (குடியை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரை) வாங்கித் தன் கணவருக்குத் தெரியாமல் ரசத்தில் கரைத்துக் கொடுக்கிறாள். 'குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்று பொடி விளம்பரங்களும் வருகின்றன. நானும் முயலலாமா? – திண்டுக்கல்

கூடாது. இதைப் படித்த கையோடு தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தினால் மட்டும் போதாது; கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரம் அது உடலில் வேலை செய்யும். ஆகவே இதுவரை என்ன கொடுத்தாள் என்பதைக் கணவரிடமும் ஒரு மருத்துவரிடமும் அவள் சொல்லியே ஆக வேண்டும். திட்டு விழும். விழட்டும்.

உள்ளே போன மது முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு முறிகிறது. டைசல்பிராம் அந்த இரண்டாம் படியைத் தடுக்கிறது. மேலே குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். உயிர் போனதும் உண்டு. 'இன்று குடித்தால் எனக்கு இது நடக்கும்' என்ற அச்சம்தான் இந்த மருந்தின் பெரும்பகுதி வேலை. தெரியாமல் விழுங்கியவருக்கு அந்த அச்சம் எங்கிருந்து வரும்? அவர் வழக்கம்போல் குடித்துவிட்டு நடுத்தெருவில் விழுவார். மருத்துவமனையில் கேட்டால் என்ன மருந்து உள்ளே போனது என்று சொல்ல ஆள் இருக்காது. கல்லீரலையும் இதயத்தையும் சோதிக்காமல் நாங்களே இதை எழுதுவதில்லை. சேர்மானம் என்னவென்றே சொல்லாத பொடியைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

குடிக்கு மட்டுமா? மனச்சிதைவு உள்ள பிள்ளைக்குக் காபியில் சொட்டு மருந்து, தோசை மாவில் மாத்திரைப் பொடி. இதற்கு என் துறையினரில் சிலரும் உடந்தை. ஆளைப் பார்க்காமலே, அம்மா சொன்னதை மட்டும் கேட்டுச் சொட்டு மருந்து எழுதிக் கொடுக்கிறார்கள். 'சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்' என்பதுதான் அந்தப் பையனின் சந்தேகமே. அதை உண்மையாக்கிவிட்டு, 'அதெல்லாம் உன் நோய்' என்று எந்த முகத்தோடு சொல்வீர்கள்? கழுத்து விறைத்து நாக்கு இழுத்துக்கொண்டால் அது எதனால் என்று அவனுக்குத் தெரியாது. பாதித் தோசையைத் தங்கை தின்றுவிட்டால் யாருக்கு எவ்வளவு போனது என்று உங்களுக்கும் தெரியாது. லித்தியம் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குளோசபின் என்றால் முதல் 18 வாரமும் வாரந்தோறும் வெள்ளணுக்களை எண்ண வேண்டும். மருந்து சாப்பிடுவதே தெரியாதவனிடம் எந்தக் காரணம் சொல்லி ரத்தம் எடுப்பீர்கள்?

அந்தத் தாய்மார்களின் களைப்பை நான் அறியாதவன் அல்ல. ஆனால் 'வேறு வழியே இல்லை' என்பதை ஏற்க மாட்டேன். அவன் சம்மதித்தால் மாதம் ஓர் ஊசியோடு முடித்துக்கொள்ள முடியும். முடிவெடுக்கும் திறனே இல்லாமல், ஆபத்தான நிலை என்றால் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி மருத்துவமனையில் சேர்க்கலாம்: ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியே பார்த்திருக்க வேண்டும், முதலில் 30 நாள் வரைதான், வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இது ஒளிவு மறைவில்லாத வழி. நள்ளிரவில் நான்கு பேரோடு வரும் மறுவாழ்வு மைய வேனை இதனுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கணவர் வராவிட்டால் நீங்கள் மட்டும் முதலில் மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்கள் நடந்தால் அங்கேயும் போங்கள். பாட்டிலைப் பிடுங்கி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். நாள்தோறும் குடிப்பவருக்கு வலிப்பும் பிதற்றலும் வரலாம்.

அண்ணனுக்குப் பல வருடமாக மனநோய். பூர்வீக வீட்டை விற்க வேண்டியிருக்கிறது. அவர் கையெழுத்து செல்லாது என்று சான்றிதழ் தருவீர்களா? – மதுரை

தர மாட்டேன். மனநோய் இருப்பதாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் அற்றவர் ஆகிவிடமாட்டார். அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் வீட்டின் சதுர அடி இருக்கிறது, சந்தை விலை இருக்கிறது. அண்ணன் இப்போது எங்கே சிகிச்சை பெறுகிறார் என்பது எங்குமே இல்லை.

மகளுக்கு (26) இருதுருவ நோய் (பைபோலார்), வால்புரோயேட் சாப்பிடுகிறாள். வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டாம், கல்யாணமானால் சரியாகிவிடும் என்கிறார்கள் பெரியவர்கள். – தஞ்சாவூர்

எந்தப் பெரியவர்கள்? அவர்களில் ஒருவராவது மருந்துச் சீட்டைப் பார்த்திருக்கிறாரா? தூக்கம் கெடும் புது இடத்தில் இந்த நோய் திரும்புவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். மறைத்துக் கட்டிக்கொடுத்தால் மாத்திரையையும் மறைத்து விழுங்க வேண்டும். அது சீக்கிரமே நின்றுவிடும். இந்து திருமணச் சட்டப்படி, முக்கியமான உண்மையை மறைத்தது திருமணத்தை ரத்து செய்யக் கோரும் காரணமாகலாம். வால்புரோயேட் கருவுக்குக் கெடுதல். கல்யாணப் பேச்சுக்கு முன்பே மருத்துவரிடம் மாற்று மருந்து பற்றிப் பேசுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை மகளிடம் கேட்டீர்களா? நோய் அவளுடையது, கல்யாணமும் அவளுடையது.

தம்பியை ஒரு வழிபாட்டுத் தலத்தின் பக்கத்து விடுதியில் விடலாம் என்கிறார்கள். ஓடாமல் இருக்கச் சங்கிலி போடுவார்களாம். – தென்காசி

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்றைய சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியை அனுமதிக்கவில்லை. நேர்த்திக்கடன் இருந்தால் போய்க் கும்பிட்டுவிட்டு, தம்பியைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வாருங்கள். ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. சாமி கும்பிடுவதற்கும் மாத்திரைக்கும் சண்டை இல்லை.

தற்கொலைக்கு முயன்ற தங்கையைச் சேர்க்க, 'போலீஸ் கேஸ் ஆகும்' என்று தயங்கினார்கள். இனி வழக்கு வருமா? – சேலம்

சிகிச்சைதான் முதலில், தயங்கியது தவறு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவும் இல்லை. உடல் தேறிவிட்டது என்று வீட்டில் உட்காராதீர்கள்; இந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்க்க வையுங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமானால் 14416, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ஆலோசனை தரும் உளவியலாளர் இரவில் தனிப்பட்ட செய்திகள் அனுப்புகிறார், வெளியே சந்திக்கலாம் என்கிறார். – சென்னை வாசகி

போகாதீர்கள். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு ஆளை மாற்றுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்திலும், மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம். உங்கள் மேல் தவறு எதுவும் இல்லை.

எனக்குப் பல ஆண்டுகளாக இருதுருவ நோய். இப்போது நன்றாக இருக்கிறேன். அடுத்த முறை முற்றினால் என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று இப்போதே எழுதி வைக்கலாமா? – திருச்சி

தாராளமாக. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்லும் முன்கூட்டிய அறிவுறுத்தல் இதுதான். இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திடுங்கள்; எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, ஏன் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். மருத்துவருக்கு உடன்பாடில்லை என்றால் அவர் வாரியத்துக்குத்தான் போக வேண்டும், தன்னிச்சையாகத் தள்ளிவிட முடியாது. அவசர சிகிச்சைக்கு மட்டும் இது பொருந்தாது. நியமனப் பிரதிநிதியாக யாரைப் போடுகிறீர்களோ அவரிடம் முதலில் பேசிவிட்டு, நகல் ஒன்றை அவரிடமும் ஒன்றை உங்கள் மருத்துவரிடமும் கொடுத்து வையுங்கள்.